பட்டியல் எழுதுகிறவர் எந்த டிக்கெட்டில் உட்கார்ந்திருக்கிறார்?

(ஆண்டு இறுதியில் அனந்தபுரத்தில் நடந்த மாணவர் கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே, மாணவ நண்பர்களே, ஜெய்பீம்.

இந்த வணக்கத்தைச் சொன்னால் இப்போதெல்லாம் நம் பிள்ளைகளே சில பேர் "படத்தைச் சொல்றீங்களாண்ணே?" என்று கேட்கிறார்கள். அந்த அளவுக்குச் சினிமா நம்முடைய பேச்சுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆகவே சினிமாவைப் பற்றி ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசுவது வெட்டி வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என்னிடம் நீங்கள் கேட்ட கேள்வி இதுதான். டிசம்பர் வந்தால் பத்திரிகை, டி.வி., யூடியூப் எங்கே திரும்பினாலும் 'இந்த ஆண்டின் சிறந்த பத்துப் படங்கள்' என்று பட்டியல் போடுகிறார்கள். ஒருத்தர் முதலிடம் கொடுத்த படம் இன்னொருத்தர் பட்டியலில் பத்தாவதாகக்கூட இல்லை. அப்புறம் அரசாங்க விருது வருகிறது, அதில் வேறொரு படம். இதில் யாரை நம்புவது?

நான் விமர்சகன் இல்லை. டிக்கெட் எடுத்துப் படம் பார்க்கிறவன். செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, இரண்டாவது ஆட்டம் முடிந்து பஸ் இல்லாமல் நின்றவன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

என்னுடைய பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமர்சகர்கள் ஆளுக்கொரு படத்தைச் சொல்வது ஒரு பிரச்சினையே இல்லை. டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்தால் நாலு படம் சொல்வான். அது ஆரோக்கியமானதுதான். நாம் கவனிக்க வேண்டியது வேறு இரண்டு விஷயங்களை. ஒன்று, பட்டியல் எழுதுகிறவர் எங்கே உட்கார்ந்து படம் பார்க்கிறார் என்பது. இன்னொன்று, ஒருத்தரோடொருத்தர் ஒத்துப்போகாத இவர்கள் எல்லோரும் எதை விட்டுவிடுவதில் மட்டும் ஒத்துப்போகிறார்கள் என்பது.

உட்காரும் இடம் என்று சும்மா சொல்லவில்லை. டூரிங் கொட்டாயைப் பார்த்த பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், சேர் டிக்கெட் என்று மூன்று இருக்கும். தரையில் மணலைக் குவித்து உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்போம். கதாநாயகன் மலை மாதிரி தெரிவான். சேரில் உட்கார்ந்தவருக்குத் திரை நேராகத் தெரியும், கூடவே மணலில் கிடக்கிற எங்கள் தலைகளும் தெரியும். நான் சின்ன வயதில் போன ஒரு கொட்டாயில், கையில் காசு இருந்தாலும் காலனிக்காரன் சேருக்குப் போக மாட்டான். எழுதி வைத்த சட்டம் கிடையாது. ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஆக, படம் ஒன்றுதான், பார்வை மூன்று. இன்றைக்கும் ஒரு பட்டியலைப் படித்தால் என் மனதில் முதலில் எழும் கேள்வி அதுதான். இவர் தரையா, பெஞ்சா, சேரா?

ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம். 2021. நம் மாணவர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும் ஆண்டு.

அந்த ஆண்டு பிப்ரவரியில் பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்' நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதற்பரிசான புலி விருதைப் பெற்றது. ஏப்ரல் 9-ல் மாரி செல்வராஜின் 'கர்ணன்' தியேட்டருக்கு வந்தது. கொரோனாவால் மறுநாளே தமிழ்நாட்டில் தியேட்டருக்குப் பாதிப் பேர்தான் என்று கட்டுப்பாடு. ஜூலை 22-ல் பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை', நவம்பர் 2-ல் த.செ. ஞானவேலின் 'ஜெய் பீம்'. இரண்டும் தியேட்டருக்கு வராமல் நேராகச் செல்போனுக்கு வந்தன.

பட்டியல்கள் என்ன சொல்லின? உலகத் திரைப்பட விழாக்காரர்களின் படம் 'கூழாங்கல்'. ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பாக அனுப்பப்பட்டதும் அதுதான். பொதுப் பார்வையாளர்கள் மதிப்பெண் போடும் ஐ.எம்.டி.பி. தளத்தில் 'ஜெய் பீம்' பத்துக்கு 9.6 வரை போய், பல ஆண்டுகளாக உச்சியில் இருந்த 'தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' என்ற அமெரிக்கப் படத்தையே கொஞ்ச நாள் தாண்டி நின்றது. 2023 ஆகஸ்ட் 24-ல் 2021-க்கான தேசிய விருதுகள் அறிவிக்கப்பட்டன. சிறந்த தமிழ்ப் படம் மணிகண்டனின் 'கடைசி விவசாயி'. 'கர்ணன்', 'சார்பட்டா', 'ஜெய் பீம்' மூன்றுக்கும் ஒன்றுகூட இல்லை. நடிப்புக்கும் இல்லை, பாட்டுக்கும் இல்லை, ஒளிப்பதிவுக்கும் இல்லை.

'கடைசி விவசாயி' நல்ல படம். உசிலம்பட்டிப் பக்கத்து முதியவர் நல்லாண்டி, மயிலைக் கொன்றதாகப் பொய் வழக்கில் மாட்டிக்கொண்ட கிழவராக வாழ்ந்திருக்கிறார். படம் வெளிவரும் முன்பே அவர் இறந்துபோனார். அவருக்குச் சிறப்புக் குறிப்பு கொடுத்தது நியாயம். அந்தப் படத்தின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஒரு நல்ல படத்தைக் காட்டி மூன்று நல்ல படங்களை மறைக்க முடிகிறதே, அந்த ஏற்பாட்டைத்தான் பேசுகிறேன்.

முதலில் 'ஆண்டு' என்பதே ஒரு ஏற்பாடு. தேசிய விருதுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வாங்கிய தேதிதான் கணக்கு. 'கடைசி விவசாயி' தியேட்டருக்கு வந்தது 2022 பிப்ரவரியில், விருது 2021-க்கு. மடோன் அஸ்வினின் 'மண்டேலா'வை நாம் பார்த்தது 2021 ஏப்ரலில், அதற்கு இரண்டு தேசிய விருதுகள் கிடைத்தது 2020-ன் கணக்கில். 'கூழாங்கல்' நம்ம ஊர் ஆட்கள் கண்ணில் பட்டது 2023-ல், அதுவும் செல்போனில். வெளிநாட்டில் பரிசு வாங்கி இரண்டரை வருஷம் கழித்து! ஆகவே 'இந்த ஆண்டின் சிறந்த படம்' என்று ஒருவர் சொல்லும்போது, யாருடைய ஆண்டு என்று கேட்க வேண்டும். விழாவுக்கு அழைக்கப்படுகிறவரின் ஆண்டு வேறு, தணிக்கை அலுவலகத்தின் ஆண்டு வேறு, அனந்தபுரத்தின் ஆண்டு வேறு.

அடுத்தது, விண்ணப்பம். தேசிய விருதுக்குத் தயாரிப்பாளர் விண்ணப்பம் போட வேண்டும். முதலில் வட்டாரக் குழு பார்க்கும், அது அனுப்பிவைப்பதை மய்யக் குழு பார்க்கும். இரண்டு வாசல். ஐ.எம்.டி.பி.யில் வாசலே இல்லை, கையில் நெட் இருந்தால் போதும். அங்கே ரசிகர் மன்றங்களும் கூட்டமாகப் போய் மதிப்பெண் போடும், பிடிக்காதவர்கள் கூட்டமாகப் போய் இறக்கியும் விடுவார்கள். பத்திரிகை விமர்சகருக்குப் படம் வெளியாகும் முன்பே தனிக் காட்சி. இந்த மூன்று பட்டியலும் எப்படி ஒன்றாக இருக்கும்? இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரி, எதை விட்டுவிடுவதில் ஒத்துப்போகிறார்கள் என்றேன் அல்லவா, அதற்கு வருகிறேன். கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1992-க்கு.

1992 தீபாவளிக்கு 'தேவர் மகன்' வந்தது. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது. மொத்தம் 5 விருதுகள். அதே ஆண்டு, அப்போது நர்கீஸ் தத் பெயரில் இருந்த தேசிய ஒருமைப்பாட்டு விருது 'ரோஜா'வுக்கு. 'தேவர் மகன்' கைத்திறனில் தேர்ந்த படம், அருவாளைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்றுதான் முடிகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் பாட்டு ஒன்று தென்மாவட்டங்களில் சாதிப் பெருமைப் பாட்டாக ஒலிபெருக்கியில் ஓடியதும் உண்மை. அன்றைக்கு எத்தனை விமர்சகர்கள் அதைச் 'சாதிப் படம்' என்று சொன்னார்கள்? குடும்பக் கதை என்றார்கள், மண்ணின் மணம் என்றார்கள், அப்பா மகன் உறவு என்றார்கள். தலைப்பிலேயே சாதிப் பெயர் இருந்தும் அது சாதிப் படம் ஆகவில்லை. 'கர்ணன்' வந்தபோதோ, தலைப்பில் சாதி இல்லை, வசனத்தில் சாதிப் பெயர் இல்லை, பஸ் நிற்காத ஒரு கிராமத்தின் கதை. அது மட்டும் சாதிப் படம்!

இதுதான் தோழர்களே, பட்டியல்களுக்கு அடியில் ஓடுகிற கருத்தியல். ஆதிக்கச் சாதியின் வாழ்க்கை திரையில் வந்தால் அது 'வாழ்க்கை'. ஒடுக்கப்பட்டவன் வாழ்க்கை வந்தால் அது 'பிரச்சினை'. அவர்கள் வீட்டுத் திண்ணை அழகியல், நம்ம வீட்டுத் திண்ணை மெசேஜ். 'படம் நல்லா இருக்கு, ஆனா பிரச்சாரம் தூக்கலா இருக்கு' என்ற ஒரு வரியை நீங்கள் எத்தனை முறை படித்திருப்பீர்கள்? பண்ணையாரின் பெருந்தன்மையைக் காட்டும் படத்துக்கு அந்த வரி வந்து பார்த்திருக்கிறீர்களா? பெருந்தன்மையும் பிரச்சாரம்தானே!

இந்த விஷயத்தில் 'தேவர் மகனு'க்கு வந்த ஆகச் சிறந்த விமர்சனத்தை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. 31 ஆண்டுகள் கழித்து ஒரு சினிமாதான் எழுதியது. அந்தப் படத்தில் வடிவேலு நடித்த இசக்கிதான் 'மாமன்னன்' என்று மாரி செல்வராஜ் 2023-ல் தன் பட விழா மேடையில், கமல்ஹாசனை முன்னால் வைத்துக்கொண்டே சொன்னார். ஒரு படத்தில் ஓரமாக நின்று கை இழந்த வேலைக்காரன், இன்னொரு படத்தில் சட்டமன்ற உறுப்பினராக வந்து உட்காருகிறான். உட்கார நாற்காலி தருகிறார்களா இல்லையா என்பதே கதையாகிறது. 'மாமன்னன்' வெளியானது 2023 ஜூன் 29. அதற்கு மூன்று வாரம் முன்னால், ஜூன் 7 அன்று, நம் விழுப்புரம் பக்கத்து மேல்பாதியில் தலித் மக்கள் உள்ளே போகக் கூடாது என்று தடுக்கப்பட்ட திரௌபதி அம்மன் கோயிலை அதிகாரிகள் பூட்டி சீல் வைத்தார்கள். நாற்காலியும் கோயில் வாசலும் நமக்கு ஒரே செய்திதான். 2023-க்கான தேசிய விருதுகள் 2025 ஆகஸ்ட் 1-ல் வந்தபோது சிறந்த தமிழ்ப் படம் 'பார்க்கிங்'. 'மாமன்னனு'க்கு எதுவும் இல்லை. 1992-ன் படத்துக்கு ஐந்து, அதற்குப் பதில் சொன்ன படத்துக்குச் சுழியம்.

2018-ம் இப்படித்தான். 'பரியேறும் பெருமாள்' வந்த ஆண்டு. தேசிய விருதில் சிறந்த தமிழ்ப் படம் பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்'. முதியவர்களைக் கொல்லும் தலைக்கூத்தல் வழக்கத்தைப் பற்றிய படம், அவசியமான படம். 2019 ஆகஸ்டில் விருது அறிவித்தபோது அது தியேட்டருக்கே வரவில்லை, 2020 பிப்ரவரியில்தான் வந்தது. 'பரியேறும் பெருமாளு'க்கு ஒரு பிரிவிலும் விருது இல்லை.

உடனே ஒருத்தர் எழுந்து, "'அசுரனு'க்குக் கொடுத்தார்களே?" என்பார். ஆமாம், கொடுத்தார்கள். பூமணியின் 'வெக்கை' நாவலிலிருந்து வெற்றிமாறன் எடுத்த படம், 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதை நினைவூட்டும் காட்சி உள்ள படம், 2019-ன் சிறந்த தமிழ்ப் படம் என்று விருது பெற்றது. மராத்தியில் நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்றி' 2013-க்கான சிறந்த அறிமுக இயக்குநர் விருதைப் பெற்றது. இவற்றை மறைத்துவிட்டுப் பேசினால் நாமும் அவர்களைப் போல ஆகிவிடுவோம். டெல்லியில் நாலு பேர் ரகசியமாகக் கூடிச் சதி செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் நம் வேலை சுலபம். விஷயம் அப்படி இல்லை. பழக்கம்தான் இது. சேரில் உட்கார்ந்து பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சிலது படமாகத் தெரிகிறது, சிலது சத்தமாகத் தெரிகிறது. சதியை அம்பலப்படுத்திவிடலாம். பழக்கத்தை உடைப்பது கஷ்டம்.

பழக்கம் உடையும் என்பதற்கு உலகத்தில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பத்திரிகை 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை, உலகின் தலைசிறந்த படம் எது என்று விமர்சகர்களிடம் வாக்கெடுக்கிறது. 1962 முதல் 2002 வரை ஒவ்வொரு முறையும் 'சிட்டிசன் கேன்'தான் முதலிடம். மாறவே மாறாது என்று நினைத்தார்கள். 2012-ல் 846 பேர் வாக்களித்தார்கள், 'வெர்டிகோ' முதலிடம். 2022-ல் பல நாடுகளிலிருந்தும் புதியவர்களைச் சேர்த்து 1,639 பேரிடம் கேட்டார்கள். முதலிடம் பெல்ஜியத்துப் பெண் இயக்குநர் ஷந்தால் அக்கெர்மனின் 'ழான் டீல்மன்'. 1975-ல் வந்த படம், 2012-ல் முதல் முப்பதுக்குள்கூட இல்லாத படம். ஒரு விதவைத் தாய் உருளைக்கிழங்கு உரிப்பதையும் படுக்கை விரிப்பதையும் மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் காட்டுகிற படம். அந்தப் பத்து வருஷத்தில் படத்தில் ஒரு காட்சியும் மாறவில்லை. வாக்குப் போட உட்கார்ந்த ஆட்கள் மாறினார்கள், அடுக்களை வேலையும் சினிமா ஆனது.

அதே பட்டியலின் முதல் நூறில் இந்தியப் படம் ஒன்றே ஒன்று, 35-ஆவது இடத்தில் 'பதேர் பாஞ்சாலி'. அதே 2022-ல் சர்வதேச விமர்சகர் கூட்டமைப்பின் இந்தியப் பிரிவு, இந்தியாவின் தலைசிறந்த பத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்தது. அதிலும் முதலிடம் 'பதேர் பாஞ்சாலி'. வங்காளம் இருந்தது, இந்தி இருந்தது, மலையாளமும் கன்னடமும் இருந்தன. தமிழில் ஒன்றுகூட இல்லை. அப்போது நம் தமிழ் விமர்சகர்கள் 'தமிழைப் புறக்கணித்துவிட்டார்கள்' என்று வருத்தப்படலாம், நியாயம்தான். தமிழுக்குள்ளே யாரைப் புறக்கணித்தோம் என்பதையும் அதே வாயால் பேசினால் இன்னும் நியாயம்.

இப்போது நம்ம மண்ணுக்கு வருகிறேன். பட்டியலில் இடம் கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன, சோறா போடுது என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும்.

'ஜெய் பீம்' வந்தபோது நம் மாவட்டத்தில் என்ன பேச்சு நடந்தது? படம் எதைப் பற்றியது? 1993-ல் விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு போலீஸ் காவலில் அடித்துக் கொல்லப்பட்டதைப் பற்றி. வழக்கை நடத்தியவர் அன்றைய வழக்கறிஞர் சந்துரு. அதே 1993-ல் நம் செஞ்சிப் பக்கத்து அத்தியூரில் ஓர் இருளர் பெண் புதுச்சேரிக் காவலர்களால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். திண்டிவனத்துப் பேராசிரியர் கல்யாணியும் தோழர்களும் அந்த வழக்குக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். ஆக, இது திரைக்கதை ஆசிரியர் கற்பனையில் உதித்த கதை அல்ல. இந்த ஜில்லாக்களின் கதை. இருளர் குடியிருப்பில் போலீஸ் ஜீப் வந்து நின்றால் என்ன நடக்கும் என்பதை ஊர் ஊராக உட்கார்ந்து பேசியிருக்க வேண்டிய நேரம் அது.

நடந்தது என்ன? ஒரு காட்சியில் சுவரில் தொங்கிய காலண்டரைப் பற்றிப் பேசினோம். அதில் இருந்த அக்னி குண்டச் சின்னம் தங்களை இழிவுபடுத்துகிறது என்று வன்னியர் சங்கம் 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. படம் மாற்றப்பட்டது, இயக்குநர் வருத்தம் தெரிவித்தார். அந்தக் காலண்டரால் மனம் வருந்திய பக்கத்துத் தெரு நண்பரை நான் கேலி செய்ய மாட்டேன். அவரும் கூலிக்காரர்தான், அவரும் ஸ்டேஷன் வாசலில் கைகட்டி நிற்கிறவர்தான். ஆனால் அவரும் நானும் சேர்ந்து பேசியிருக்க வேண்டியது லாக்கப்பைப் பற்றி. லாக்கப் பேச்சு காலண்டர் பேச்சாக மாறிப்போனதுதான் நம் இரண்டு பேருக்கும் நட்டம். அந்த நேரத்தில், இது வெறும் சண்டைக்கான படம் இல்லை, உட்கார்ந்து பார்த்துப் பேச வேண்டிய படம் என்று மரியாதையான இடங்களிலிருந்து ஓர் அழுத்தமான குரல் வந்திருந்தால் பேச்சு திரும்பியிருக்கலாம். பட்டியலும் விருதும் செய்யக்கூடிய வேலை அதுதான். ஒரு படத்தைச் சச்சரவிலிருந்து விடுவித்து விவாதத்துக்குக் கொண்டுவருவது. 2021-க்கான அந்தத் தேசிய ஒருமைப்பாட்டு விருது எந்தப் படத்துக்குப் போனது தெரியுமா? 'தி காஷ்மீர் ஃபைல்ஸ்' படத்துக்கு. எது ஒருமைப்பாடு, எது பிளவு என்பதும் உட்காரும் இடத்தைப் பொறுத்ததுதான் போலிருக்கிறது.

இதுவரை அவர்கள் பட்டியல். இனி நம் பட்டியல். இதையும் பேசாவிட்டால் இன்றைய பேச்சு பாதிப் பேச்சு.

நம் ஆட்கள் படம் எடுத்தால் அது நல்ல படம், அதைக் குறை சொன்னால் எதிரி என்ற மனநிலை நம் இளைஞர்களிடம் வளர்கிறது. இது ரசிகர் மன்றம், விமர்சனம் இல்லை. 'ஜெய் பீம்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அடி வாங்குகிறவர்கள் இருளர்கள், பேசுகிறவர் வக்கீல். வலி ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். உண்மை வழக்கில் பாதிக்கப்பட்ட குடும்பம் இருளர் அல்ல, படத்துக்காக மாற்றினார்கள். அந்த மாற்றத்தால் யாருடைய பெயர் வரலாற்றிலிருந்து விலகிப்போகிறது என்று கேட்பது துரோகமா? 'பரியேறும் பெருமாள்' கடைசியில் பரியன் கோபப்படாமல் உட்கார்ந்து பேசுகிறான். இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு பூ. அந்த நிதானம் பெருந்தன்மையா, பொறுமையை எப்போதும் நம் தலையிலேயே கட்டுகிற வேலையா என்று நம் தோழர்களே இரண்டு பக்கமாக நின்று வாதாடினார்கள். எனக்கு அந்தக் காட்சி பிடிக்கும். தண்டவாளத்தில் சாகக் கிடந்தவன் எழுந்து வந்து, என்னோடு பேச நீ தயாரா என்று கேட்பது கெஞ்சல் இல்லை. ஆனால் எனக்கு எதிராக வாதாடிய தோழரால்தான் அந்தக் காட்சியை நான் இன்னும் இரண்டு முறை பார்த்தேன். படத்தை வாழ வைப்பது இந்தச் சண்டைதான்.

இன்னொன்று கேட்கிறேன். 2021 ஜூனில் இன்னொரு தமிழ்ப் படம் வந்தது. லீனா மணிமேகலையின் 'மாடத்தி'. கண்ணில் படுவதே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார் குடும்பத்துப் பெண்பிள்ளையின் கதை. இங்கே எத்தனை பேர் பார்த்தீர்கள்? கையைத் தூக்குங்கள்.

(இரண்டு பேர் கை தூக்கினர்.)

இரண்டு பேர். 'கர்ணனை' எத்தனை பேர் என்று கேட்டால் கூரை இடிக்கும். காரணம் எனக்கும் தெரியும். நட்சத்திரம் இல்லை, விளம்பரம் இல்லை, வந்த தளத்தின் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது. சரி. ஆனால் இதே காரணங்களைத்தானே அவர்களும் சொல்கிறார்கள், நம் படங்களைப் பார்க்காததற்கு? தரை டிக்கெட்டுக்குக் கீழேயும் ஒரு டிக்கெட் இருக்கிறது தோழர்களே. கொட்டாய்க்கு வெளியே நின்று சத்தம் மட்டும் கேட்கிறவர்கள். 2023 மார்ச் 30-ல் சென்னை ரோகிணி தியேட்டரில் 'பத்து தல' படத்துக்குக் கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விடாமல் நிறுத்தினார்கள். வீடியோ பரவிக் கண்டனம் கிளம்பிய பிறகு, சின்னப் பிள்ளைகள் இருந்ததால் தணிக்கை விதிப்படி நிறுத்தினோம், பிறகு உள்ளே அனுமதித்துவிட்டோம் என்று தியேட்டர் விளக்கம் கொடுத்தது. டிக்கெட் கிழிக்கும் வாசலிலேயே ஒருவரை நிறுத்த முடியும் என்றால், அவருக்குப் பிடித்த படம் எது என்று எந்தப் பட்டியல் கேட்கப்போகிறது?

அப்படியானால் என்ன செய்வது? எதிர்விருது ஒன்று தொடங்கிப் பொன்னாடை போர்த்தலாம் என்று ஒரு தோழர் சொன்னார். பொன்னாடை வேண்டாம். அதுவும் ஒரு சேர் டிக்கெட் ஆகிவிடும். பி.கே. ரோசி பெயர் உங்களுக்குத் தெரியும். மலையாளத்தின் முதல் கதாநாயகி, நாயர் பெண்ணாக நடித்ததற்காக ஊரைவிட்டே விரட்டப்பட்ட தலித் பெண். அவருடைய பெயரில் நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் திரைப்பட விழா நடத்தியிருக்கிறது. நல்ல காரியம். நாம் செய்யக்கூடியது அதைவிடச் சின்னது, செலவில்லாதது.

ஒரு நோட்டு வாங்குங்கள். இந்த ஊரில் படம் பார்க்கிற ஒவ்வொருவரும் அந்த ஆண்டு தன்னைத் தொட்ட மூன்று படங்களை அதில் எழுதட்டும். சும்மா பெயரை மட்டும் எழுதக் கூடாது. ஐந்து கேள்விக்குப் பதில் வேண்டும். படத்தை எங்கே, யாரோடு உட்கார்ந்து பார்த்தாய்? படத்தில் வலி யாருக்கு, வாய் யாருக்கு? பெண்கள் கதையை நகர்த்துகிறார்களா, அழுவதற்கு மட்டும் வருகிறார்களா? நமக்கும் கீழே தள்ளப்பட்டவர்கள் அதில் எப்படி இருக்கிறார்கள்? பார்த்து முடித்த மறுநாள் உன் தெருவில் என்ன பேச்சு நடந்தது? நாலாவதாக ஒரு படத்தையும் எழுத வேண்டும். நம்முடையது என்று எல்லோரும் கொண்டாடி, உனக்கு மட்டும் பிடிக்காமல் போன படம். ஏன் பிடிக்கவில்லை என்று காரணத்தோடு எழுத வேண்டும். கேமரா சரியில்லை, பாட்டு இழுவை, வசனம் மேடைப்பேச்சு, எதுவானாலும் சரி. படத்தைப் படமாகப் பார்க்கத் தெரிந்தவன் பேச்சுக்குத்தான் நாளைக்கு மரியாதை.

இன்னொரு நிபந்தனை. நோட்டைப் பையன்கள் கையிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களிடமும் இருளர் குடியிருப்பிலும் கொண்டுபோங்கள். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், அவர் சொன்ன வார்த்தையைத் திருத்தாமல் எழுதுங்கள். எம்.ஜி.ஆர். படம்தான் சிறந்த படம் என்று ஒரு பாட்டி சொன்னால் அதையும் எழுதுங்கள். ஏன் என்று கேளுங்கள். அந்த 'ஏன்' எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை.

கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து 'முதல் பத்து' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். முப்பது பேர் எழுதினால் முப்பது பட்டியலையும், அவரவர் பெயரோடு, அவரவர் தெருவின் பெயரோடு அப்படியே அச்சுப் போடுங்கள். ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கட்டும். விமர்சகர்கள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று கேட்டீர்கள் அல்லவா? நாம் ஏன் ஒத்துப்போகவில்லை என்று அடுத்த வருஷம் அவர்கள் வந்து கேட்கட்டும்.

நோட்டு நாளைக்கு வாங்குங்கள். முதல் பக்கத்தில் 'மாடத்தி' பார்த்த இரண்டு பேரும் எழுதுங்கள்.